இரண்டு கையிலும் பாருங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், மகளிர் நல அமர்வில் பேசியது)



நான் நம்ம கூட்டமைப்பின் கணக்காளர். வருஷா வருஷம் வரவு செலவு படிக்கத்தான் இந்த மேடைக்கு ஏறியிருக்கேன். இந்த வருஷம் தலைவி அக்கா, "கணக்கை வேற ஆள் படிக்கட்டும், நீ உன் வியாதியைப் பத்திப் பேசு"ன்னு சொல்லிட்டாங்க. தன் வியாதியை மேடை போட்டுச் சொல்ல யாருக்கு ஆசை இருக்கும்? ஆனா இதைக் கேட்டு ஒருத்திக்காவது ரெண்டு வருஷ அலைச்சல் மிச்சமாச்சுன்னா அது போதும்னுதான் வந்திருக்கேன்.

எனக்கு வந்த நோயின் பெயர் டகாயாசு ஆர்ட்டரைட்டிஸ். வாயில் நுழையாத பேர்தான். எனக்கும் முதல்ல நுழையலை. உடம்பில் இருக்கிற பெரிய ரத்தக் குழாய்களைப் பிடிக்கிற நோய் இது. பத்து லட்சம் பேரை எடுத்துக்கிட்டா வருஷத்துக்கு ஒரு சிலருக்குப் புதுசா வரும்னு சொல்றாங்க. அவ்வளவு அபூர்வம். அப்புறம் எதுக்கு இத்தனை பேரை உட்கார வச்சு அதைப் பத்திப் பேசணும்? ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, இந்த நோய் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வருது. அதுவும் நாற்பது வயசுக்குள்ள, பிள்ளை பெத்து, குடும்பம் பார்த்து ஓடியாடி வேலை செய்யிற வயசில். இன்னொண்ணு, இதைக் கண்டுபிடிக்க முதல்ல வேண்டியது பெரிய மெஷின் இல்லை. நம்ம குழுவில் ஒருத்தர் தோள்பையில் இருக்கிற பி.பி. கருவியே போதும்.

2019 ஆடி மாசம். எனக்கு அப்ப 29 வயசு. சாயங்காலமானா லேசாக் காய்ச்சல் வரும். ராத்திரி வேர்த்துக் கொட்டும், தலையணை நனைஞ்சிடும். பசி இல்லை. 53 கிலோ இருந்தவள் தீபாவளிக்குள்ள 46 ஆயிட்டேன். தையல் மெஷினில் உட்கார்ந்தா அரை மணியில் அசந்து போகும். டி.பி.யா இருக்குமோன்னு சளியைச் சோதிச்சாங்க, மார்பு எக்ஸ்ரே எடுத்தாங்க. ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஈ.எஸ்.ஆர். 80-ன்னு இருந்ததைச் சுத்திச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாங்க. உடம்புக்குள்ள எங்கேயோ அழற்சி இருக்குங்கிறதுக்கு அது ஒரு அடையாளம். எங்கேன்னு அது சொல்லாது. ரத்த சோகைன்னு இரும்புச் சத்து டானிக் எழுதிக் கொடுத்தாங்க. சில மாசத்தில் காய்ச்சல் தானா நின்னு போச்சு. எல்லாரும் சரியாயிருச்சுன்னு நினைச்சோம்.

அடுத்த வருஷம் இடது கை. துணி காயப்போடக் கையைத் தூக்குவேன். நாலு துணி போடுறதுக்குள்ள கை செத்தது மாதிரி ஆயிடும். கீழே தொங்கவிட்டு ரெண்டு நிமிஷம் நின்னா திரும்ப உயிர் வரும். மறுபடியும் தூக்கினா மறுபடியும் அதே கதை. மகளுக்குத் தலை பின்னுறப்ப பாதி சடையில் கை இறங்கிடும். விரல் எல்லாம் சில்லுன்னு இருக்கும். தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினேன். தையல் வேலை செய்யிறவங்களுக்குக் கழுத்து எலும்பு தேய்மானம் வரும்னு சொல்லி, கழுத்துப் பட்டை கொடுத்தாங்க. அதைக் கட்டிக்கிட்டு ஆறு மாசம் தைச்சேன். கை மாறவே இல்லை.

மூணாவதா தலைசுத்தலும் தலைவலியும். உட்கார்ந்து எழுந்தா ரெண்டு விநாடி கண்ணு இருட்டும். வேற ஒரு கிளினிக்கில் பி.பி. பார்த்தாங்க. 90-க்கு 60. "லோ பிரஷர்மா, உப்புப் போட்டு மோர் நிறையக் குடி"ன்னாங்க. நானும் குடிச்சேன். தலைவலிதான் கூடிச்சு. இந்த உப்பு மோரை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி அதுக்கு வர்றேன்.

இதுக்கு நடுவில் வீட்டுப் பேச்சு வேற. ஒருத்தர் மனக்கவலைன்னாங்க. ஒருத்தர் வேலை செய்யச் சோம்பல்னாங்க. யாரோ வச்சுட்டாங்கன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. கட்டினதும் அந்த இடது கையிலதான்.

ஆனா ஒரு பழக்கம் எனக்கு இருந்துச்சு. கணக்கு எழுதிப் பழகின கை. வங்கியில் கொடுத்த பழைய டைரி ஒண்ணில் தேதி போட்டு எழுதிக்கிட்டே வந்தேன். என்னைக்குக் காய்ச்சல், எத்தனை டிகிரி. எடை எவ்வளவு. எந்த டாக்டர் என்ன சொன்னார், என்ன மாத்திரை, எவ்வளவு செலவு. பஸ் டிக்கெட் வரைக்கும் எழுதினேன். யார்கிட்டேயும் காட்டணும்னு இல்லை. குழுவில் வாங்கின 30,000 ரூபாய் கடனுக்கு எங்கே போச்சுன்னு கணக்கு வேணும் இல்லையா, அதுக்காக எழுதினது.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஆரம்பிச்சது உங்களுக்குத் தெரியும். வீடு வீடா வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிற பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் மகளிர் குழுக்களிலிருந்து வந்தவங்கதான். எங்க குழுவிலும் ஒரு அக்கா அந்த வேலைக்குப் போறாங்க. அந்தக் கார்த்திகை மாசம் என் மாமியாருக்குப் பார்க்க வீட்டுக்கு வந்தாங்க. நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறதைப் பார்த்துட்டு, "நீயும் உட்காருடி, ஒரு தடவை பார்த்துடுவோம்"ன்னாங்க.

இடது கையில் பட்டையைக் கட்டினாங்க. காத்து ஏறிச்சு, இறங்கிச்சு, கருவி பிழைன்னு காட்டிச்சு. திரும்பக் கட்டினாங்க. திரும்பவும் பிழை. பேட்டரி போயிடுச்சோன்னு மாமியாருக்குக் கட்டிப் பார்த்தாங்க. சரியாக் காட்டிச்சு. "சரி, அந்தக் கையைக் கொடு"ன்னு என் வலது கையில் கட்டினாங்க. 172-க்கு 104.

அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க. வலது கையில் நாடி துடிக்குது. இடது கையில் எங்கே தொட்டாலும் ஒண்ணும் இல்லை. "கருவி கெடலைடி. உன் கையிலதான் என்னமோ இருக்கு. நாளைக்குக் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன்"ன்னாங்க. சொன்னபடி கூட்டிட்டும் போனாங்க. ஒரு துண்டுச் சீட்டில், "வலது கை 172/104, இடது கை பதிவாகவில்லை, நாடி தெரியவில்லை"ன்னு எழுதிக் கொடுத்தாங்க. என்னைக் காப்பாத்தினது அந்த ஒரு வரிதான்னு இப்பவும் சொல்வேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா அந்தச் சீட்டைப் படிச்சுட்டு, ரெண்டு கை, ரெண்டு கால் எல்லாத்திலும் அவங்களே பி.பி. பார்த்தாங்க. கால் ரெண்டிலும் நல்லா இருந்துச்சு. இடது கையில் மட்டும் 90 கூட சரியாக் கேட்கலை. காறை எலும்புக்கு மேலே ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேட்டாங்க, வயித்தில் வச்சுக் கேட்டாங்க. குழாய் குறுகின இடத்தில் ரத்தம் போறப்ப ஊதுற மாதிரி ஒரு சத்தம் வருமாம். ரெண்டு இடத்திலும் அந்தச் சத்தம் இருந்துச்சு. "எப்பம்மா ஆரம்பிச்சது?"ன்னு கேட்டாங்க. நான் டைரியை எடுத்துக் கொடுத்தேன்.

பத்து நிமிஷம் படிச்சாங்க. வெளியே வரிசை நின்னுச்சு, இருந்தும் படிச்சாங்க. படிச்சு முடிச்சுட்டுச் சொன்னது இதுதான்: "காய்ச்சல், எடை குறைவு, கை அசதி, தலைசுத்தல்னு நீ தனித்தனியா நாலு வியாதின்னு காட்டியிருக்கே. இது நாலும் ஒரே வியாதியா இருக்கலாம்."

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தாங்க. அங்கே சி.டி. ஆஞ்சியோ எடுத்தாங்க. ரத்தக் குழாயில் மருந்து செலுத்தி எடுக்கிற படம். இடது கைக்குப் போற பெரிய குழாய் கிட்டத்தட்ட அடைச்சுப் போயிருந்துச்சு. இடது சிறுநீரகத்துக்குப் போற குழாயும் பாதிக்கு மேல குறுகியிருந்துச்சு. இதயத்திலிருந்து கிளம்புற மகாதமனியின் சுவர் தடிச்சிருந்துச்சு. அப்பத்தான் டகாயாசுங்கிற பேரை முதல் தடவை கேட்டேன்.

இனி நோயைக் கொஞ்சம் விளக்கிச் சொல்றேன். எனக்கு டாக்டர்கள் புரிய வச்ச மாதிரியே சொல்றேன்.

நம்ம உடம்பில் கிருமியை எதிர்க்க ஒரு காவல் இருக்கு. வீட்டைக் காக்க வளர்த்த நாய் வீட்டு ஆளையே கடிக்கிற மாதிரி, சிலருக்கு அந்தக் காவலே சொந்த உடம்பைத் தாக்கும். இதைத் தன்னெதிர்ப்பு நோய்னு சொல்றாங்க. மூட்டைத் தாக்கினா முடக்குவாதம். ரத்தக் குழாயைத் தாக்கினா ரத்தக்குழாய் அழற்சி. அதில் பல வகை இருக்கு. அதில் மகாதமனியையும் அதன் பெரிய கிளைகளையும் தாக்குற வகைதான் டகாயாசு.

வயசானவங்களுக்குக் கொழுப்புப் படிஞ்சு குழாய் அடைக்கிறதைக் கேள்விப்பட்டிருப்பீங்க. சொட்டுநீர்க் குழாய்க்குள்ள உப்புப் படிஞ்சு அடைக்கிற மாதிரி அது. இது அப்படி இல்லை. இதில் குழாயின் சுவரே வீங்கித் தடிக்குது. வெளியே பார்த்தா குழாய் அப்படியே இருக்கும், உள்ளே வழி சுருங்கிக்கிட்டே போகும். சுவர் வீங்குற காலத்தில் காய்ச்சல், வேர்வை, எடை குறைவு, மூட்டு வலி வரும். வழி சுருங்கின பிறகு, எந்தப் பக்கம் ரத்தம் குறையுதோ அந்தப் பக்கம் தொந்தரவு தெரியும். கைக்குக் குறைஞ்சா கை அசதி. மூளைக்குக் குறைஞ்சா தலைசுத்தல், கண் இருட்டு. சிறுநீரகத்துக்குக் குறைஞ்சா அது ரத்தம் போதலைன்னு நினைச்சுக்கிட்டு உடம்பு முழுக்க பி.பி.யை ஏத்தும். ரெண்டு கட்டத்துக்கும் நடுவில் மாசக் கணக்கா, வருஷக் கணக்கா இடைவெளி விழலாம். அதனாலதான் முன்னாடி வந்த காய்ச்சலையும் பின்னாடி வந்த கை வலியையும் யாரும் சேர்த்துப் பார்க்கிறதில்லை.

இப்ப அந்த உப்பு மோருக்கு வர்றேன். அந்தக் கிளினிக்கில் பி.பி. பார்த்தது என் இடது கையில். அடைச்சுப் போன குழாயில் ரத்தம் குறைவா வந்ததால் 90-ன்னு காட்டிச்சு. என் உடம்பின் உண்மையான பி.பி. அப்பவே ஏறித்தான் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. ஏறின பி.பி.க்கு உப்பைக் குறைக்கணும். நான் குடிச்சது உப்பு மோர். அந்த வேகத்தில் பக்கவாதமோ இதயக் கோளாறோ வந்திருந்தா, "லோ பிரஷர்காரி, பாவம், திடீர்னு போயிட்டா"ன்னு சொல்லி முடிச்சிருப்பாங்க. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லலை. ஒரு கையை மட்டும் பார்த்தா இப்படியும் நடக்கும்னு சொல்றேன்.

டகாயாசுங்கிறது ஒரு டாக்டரின் பேர். ஜப்பானில் கனசாவாங்கிற ஊரில் கண் மருத்துவப் பேராசிரியரா இருந்த மிகிட்டோ டகாயாசு. 1908-ல் கண் டாக்டர்கள் கூடின கூட்டத்தில், பெண் ஒருத்தியின் கண்ணுக்குள்ள ரத்தக் குழாய்கள் வளையம் மாதிரி பின்னிக்கிட்டு இருக்கிறதைப் பார்த்தேன்னு அவர் சொன்னார். அதே கூட்டத்தில் இருந்த வேற ரெண்டு டாக்டர்கள், எங்ககிட்டேயும் இப்படி நோயாளிகள் வந்தாங்க, அவங்க மணிக்கட்டில் நாடியே தெரியலைன்னு சொன்னாங்க. கண்ணுக்கும் கைக்கும் உள்ள தொடர்பு இப்படித்தான் வெளியே தெரிஞ்சுச்சு. நாடியில்லா நோய்னு பின்னாடி இதுக்கு இன்னொரு பேரும் வந்துச்சு.

இதைக் கேட்டப்ப எனக்கு நம்ம குழுக் கூட்டம்தான் ஞாபகம் வந்துச்சு. ஒருத்தர் பார்த்தது கண்ணு, இன்னொருத்தர் பார்த்தது கை. ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினதால்தான் அது ஒரு நோய்னு தெரிஞ்சது. என் விஷயத்திலும் அதுதான் நடந்துச்சு. நாலு டாக்டர், நாலு சீட்டு, நாலு வியாதின்னு சிதறிக் கிடந்தது. ஒரே டைரியில் தேதி வாரியா இருந்ததால் ஒரு வியாதியாத் தெரிஞ்சது.

இந்த நோயை உறுதியாச் சொல்ற தனி ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரெண்டும் ஏறியிருக்கலாம், சில பேருக்குச் சரியாவும் இருக்கலாம். அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் 1990-ல் ஆறு அடையாளம் வகுத்தாங்க. நாற்பது வயசுக்குள்ள தொடங்குறது, வேலை செஞ்சா கை கால் அசந்து போறது, கையில் நாடி குறையிறது, ரெண்டு கை பி.பி.க்கும் 10-க்கு மேல வித்தியாசம் இருக்கிறது, ரத்தக் குழாயில் சத்தம் கேட்கிறது, படத்தில் குழாய் குறுகித் தெரியிறது. இதில் மூணு இருந்தா இந்த நோய்னு வகைப்படுத்தலாம்னு சொன்னாங்க. 2022-ல் இதைத் திருத்திப் புதுசாவும் வகுத்திருக்காங்க. நம்ம நாட்டு டாக்டர்களும் நோய் எந்த அளவு உக்கிரமா இருக்குன்னு மதிப்பெண் போட 2010-ல் ஒரு முறை உருவாக்கினாங்க. அதில் வேலூர் சி.எம்.சி. டாக்டர்களுக்கும் பங்கு உண்டு. அதிலேயும் பெரும்பகுதி நாடி, பி.பி., சத்தம்னு கையாலும் காதாலும் பார்க்கிற விஷயங்கள்தான்.

என் டைரியில் கூட்டிப் பார்த்தேன். நோயின் பேர் தெரியிறதுக்கு முன்னாடி நான் செலவழிச்சது 47,300 ரூபாய். நோயைக் காட்டிக் கொடுத்த பரிசோதனை, அதாவது ரெண்டாவது கையில் பி.பி. பார்த்தது, அதுக்கு ஆன செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

சிகிச்சையைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா அதிலும் நமக்குள்ள நிறைய பயம் இருக்கு.

முதல்ல பிரெட்னிசலோன்னு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தாங்க. முகம் உப்பிப் பூசணிக்காய் மாதிரி ஆச்சு. "நல்லாத் தேறிட்டியே"ன்னு சிலர் சொன்னாங்க. "ஸ்டீராய்டா? ஐயையோ, உடனே நிறுத்து"ன்னு இன்னும் சிலர் சொன்னாங்க. இதை எல்லாரும் கவனமாக் கேளுங்க. ஸ்டீராய்டு பல வாரம் சாப்பிட்ட பிறகு திடீர்னு நிறுத்தவே கூடாது. உடம்பு தானாச் சுரக்க வேண்டியதை மறந்திருக்கும், உயிருக்கே ஆபத்தாயிடும். டாக்டர்தான் படிப்படியாக் குறைப்பாங்க. சர்க்கரை ஏறலாம், எலும்பு பலம் குறையலாம், தொற்று சீக்கிரம் வரலாம். அதனாலதான் கால்சியம் கொடுத்து, அடிக்கடி ரத்தம் சோதிச்சுப் பார்க்கிறாங்க.

கூடவே மெத்தோட்ரெக்ஸேட்னு ஒரு மாத்திரை. இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். மறந்துபோய்த் தினமும் சாப்பிட்டா விஷமாயிடும். எங்க குழுக் கூட்டம் வாரா வாரம் திங்கட்கிழமை. சந்தா கட்டுற நாளே மாத்திரை நாள்னு வச்சுக்கிட்டேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுறப்ப, "மாத்திரை போட்டாச்சா?"ன்னு யாராவது ஒருத்தர் கேட்பாங்க. இந்த மாத்திரை சாப்பிடுற காலத்தில் கர்ப்பம் ஆகக் கூடாது. பிள்ளை வேணும்னா முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லி, மருந்தை மாத்தி, சில மாசம் இடைவெளி விட்டுத்தான் பிளான் பண்ணணும். நோய் அடங்கி, பி.பி. கட்டுக்குள்ள இருந்தா இந்த நோய் உள்ளவங்களும் கண்காணிப்போட பிள்ளை பெத்துக்கிறாங்க. ஆக, பிள்ளை பெற லாயக்கில்லைன்னு யாரும் முத்திரை குத்த வேண்டாம்.

இது தொத்துநோய் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டா வராது. தாயிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே போற நோயும் இல்லை. செய்வினையும் இல்லை.

நோய் அடங்கின பிறகு, காப்பீட்டு அட்டையில், சிறுநீரகத்துக்குப் போற குழாயைப் பலூன் வச்சு விரிச்சாங்க. பி.பி. மாத்திரை மூணு இருந்தது ஒண்ணாக் குறைஞ்சது. இடது கை நாடி இன்னும் வரலை. வராமலும் போகலாம்னு சொல்லிட்டாங்க. ஆனா பெரிய வாய்க்கால் அடைச்சா சின்னச் சின்ன வரப்பு வழியா தண்ணி போற மாதிரி, பக்கத்துச் சின்னக் குழாய்கள் பெருத்து அந்தக் கைக்கு ரத்தம் கொண்டுபோகுது. தைக்கிறேன். மகளுக்குத் தலை பின்னுறப்ப நடுவில் ஒரு தடவை கையை இறக்கிக்கிறேன், அவ்வளவுதான். என் நோட்டு அட்டையில் பெரிசா எழுதி வச்சிருக்கேன்: "வலது கையில் மட்டும் பி.பி. பார்க்கவும்." எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதை முதல்ல காட்டுவேன். யாராவது இடது கையில் பார்த்து, பி.பி. குறைவா இருக்கு, மாத்திரையை விட்டுடுன்னு சொல்லிட்டா திரும்பவும் ஆபத்து.

ஒரு விஷயம் சொல்லிடறேன். நாளைக்குக் கை வலிச்சா டகாயாசுன்னு பயந்து ஓடாதீங்க. நம்மில் நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது கை வலி வேலை செஞ்ச வலிதான். ஆனா கையைத் தூக்கினா அசந்து, இறக்கினா சரியாகிற அசதி, ஒரு கை மட்டும் சில்லுன்னு இருக்கிறது, சின்ன வயசிலேயே பி.பி. ஏறுறது, காரணம் தெரியாத காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்த பிறகு இதெல்லாம் வர்றது, இப்படி இருந்தா ரெண்டு கையிலும் நாடியும் பி.பி.யும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. கேட்கிறதில் வெட்கம் இல்லை. "டாக்டர், அந்தக் கையிலும் ஒரு தடவை பாருங்க"ன்னு சொல்ல நமக்கு உரிமை உண்டு. வாத நோய்ப் பிரிவு, ரூமட்டாலஜின்னு சொல்வாங்களே, அங்கே காட்டணுமான்னும் கேளுங்க.

கடைசியா, கூட்டமைப்பு முன்னாடி மூணு வேண்டுகோள் வைக்கிறேன். தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கிறேன்.

முதலாவது, நம்ம கூட்டமைப்பு நடத்துற ஒவ்வொரு மருத்துவ முகாமிலும், முதல் தடவை பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கையிலும் பி.பி. பார்க்கணும். அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார வச்சு, பேசாம, கையை நெஞ்சு மட்டத்தில் வச்சுப் பார்க்கணும். எந்தக் கை, எவ்வளவுன்னு சீட்டில் எழுதணும். 10-க்கு மேல வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தா டாக்டருக்கு எழுதி அனுப்பணும். வித்தியாசம் வர்ற எல்லாருக்கும் இந்த நோய்னு அர்த்தம் இல்லை, காரணத்தை டாக்டர் சொல்லட்டும். எது அதிகமாக் காட்டுதோ அந்தக் கையிலதான் அப்புறம் பார்க்கணும்.

ரெண்டாவது, ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு உடம்பு நோட்டு வச்சுக்கணும். நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, தொந்தரவு, எடை, பி.பி., டாக்டர் சொன்னது, மாத்திரை, செலவு. டாக்டர் மாறினாலும் நோட்டு மாறக் கூடாது. எழுதத் தெரியாதவங்களுக்கு ஊக்குநர் எழுதிக் கொடுக்கணும். குழுவின் பணத்துக்கு அஞ்சு பைசா பிசகாம கணக்கு எழுதுறோம். நம்ம உடம்புக்கும் ஒரு பேரேடு இருக்கட்டும்.

மூணாவது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தும் பஸ் காசு இல்லாம, கூட வர ஆள் இல்லாம தங்கிப் போற பெண்கள் நம்ம ஊராட்சியில் இருக்காங்க. எனக்குத் துணைக்கு வந்த அக்கா அன்னைக்கு ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்தாங்க. அவசர உதவி நிதியிலிருந்து போக்குவரத்துக்கும், துணைக்குப் போறவங்க ஒரு நாள் கூலிக்கும் வட்டி இல்லாம கொடுக்கணும்.

பி.பி. கருவியை எடுத்துக்கிட்டு அந்த அக்கா இன்னைக்கும் தெருத் தெருவா போறாங்க. அவங்க பேரைச் சொல்லக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. இந்த அமர்வு முடிஞ்சதும் வாசல் பக்கத்து மேஜையில் எல்லாருக்கும் பி.பி. பார்க்கப் போறாங்க. சாப்பாட்டு வரிசைக்குப் போறதுக்கு முன்னாடி அங்கே போயிட்டு வாங்க. போனதும் ரெண்டு கையையும் நீட்டுங்க.